அவைக் குறிப்பில் பதினொரு சிரிப்பு

ஜூன் 9, செவ்வாய்

வெட்கக்கேடான சங்கதியை முதலில் எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் அதற்குப் பவுடர் பூசிவிடுவேன். இன்றைக்குச் சபையில் எதிர்க்கட்சி உறுப்பினர் பேசியதற்கு மேசையைத் தட்டிவிட்டேன். ஒரு தட்டு இல்லை, நாலைந்து. அவர் பெயர் கமலவேணி, ஓய்வு பெற்ற டீச்சர். வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, வாளியை முட்டுக்கொடுத்துக் குளிக்கிறார்கள் என்றார். என் கை தானாகப் போய்த் தட்டிவிட்டது. எங்கள் பக்கம் நூற்றுச் சொச்சம் பேர், ஒரே ஒரு மேசைச் சத்தம். கொறடா திரும்பிப் பார்த்தார். நான் ஏதோ பூச்சியை அடித்தவள் போல மேசையை முந்தானையால் துடைத்தேன்.

கொறடா என்றால் கட்சிக்காரர்கள் எப்போது கைதூக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று பார்த்துக்கொள்கிறவர். கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவர் மாதிரி. பெயர் மாசிலாமணி. வெளியே வந்ததும், "என்னம்மா தையல்நாயகி, அந்தப் பக்கம் வடை பாயசம் ஏதாச்சும் போடுறாங்களா?" என்றார்.

"இல்லண்ணே, கை மரத்துப்போச்சு. உதறினேன்" என்றேன்.

சிரித்துவிட்டார். ஆள் சிரித்துவிட்டால் நான் தப்பித்தேன். என் பிழைப்பே அதுதான். பதினாலு வருஷம் முந்திரிக்கொட்டை உடைத்தேன். பிறகு கட்சி மேடை. தலைவர் வர நேரமாகும், அதுவரை கூட்டம் கலையாமல் சிரிக்கவைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். சிரிக்கவைத்துச் சிரிக்கவைத்தே எம்.எல்.ஏ. ஆகிவிட்டேன். தலைவர் முதல்வர் ஆகிவிட்டார்.

இந்த டைரி சபையில் எல்லோருக்கும் சும்மா கொடுத்தது. ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு எதற்கு என்று அருள்தாஸ் சாரிடம் நீட்டினேன். அவர் என் உதவியாளர், வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், சிரிக்கவே மாட்டார். "நீங்களே எழுதுங்கம்மா. உங்க கையெழுத்தைப் பார்த்துட்டு மருந்துக் கடைக்குப் போன மனு ஒண்ணு இருக்கு" என்றார். கிண்டல் என்று இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது.

ஜூன் 13, சனி

ஊருக்கு வந்தேன். காலை ஏழு மணிக்கே வாசலில் பதினேழு பெண்கள். முன்னால் பவுனாம்பாள். முந்திரிக் கொட்டகையில் பதினாலு வருஷமும் அவளும் நானும் எதிரெதிராக உட்கார்ந்தவர்கள். என் மனசில் இருக்கிற அழுக்கெல்லாம் அவளுக்குத் தெரியும், அவளுடையது எனக்கு.

"வாடி எம்.எல்.ஏ.வு. உக்காருன்னு சொல்லுவியா, நின்னுக்கினே மனு குடுக்கணுமா?"

"மனு குடுக்குற மூஞ்சியா இது? பொண்ணு பாக்க வந்தவ மாதிரி பூ வச்சிக்கினு வந்திருக்க."

"பூ வைக்கலன்னா உன் வாசல்ல நிக்கிற போலீசு உள்ள வுடுவானா?"

எல்லோரும் சிரித்து முடித்த பிறகு கையை நீட்டினாள். மற்றவர்களும் நீட்டினார்கள். முந்திரி ஓட்டில் ஒரு பால் இருக்கிறது. தோலைத் தின்றுவிடும். சாம்பலைத் தடவிக்கொண்டு உடைப்போம், அப்படியும் தின்னும். பதினேழு பேர் விரலும் கூழாங்கல் மாதிரி வழவழ என்று இருந்தன. கோடு என்பதே இல்லை.

ரேஷன் கடையில் இப்போது விரல் வைக்கிற மிஷின். விரல் விழுந்தால் பச்சை விளக்கு, அரிசி. விழாவிட்டால் சிவப்பு. இவர்களுக்குச் சிவப்புதான். போனுக்கு நம்பர் வரும், அதைச் சொல்லலாம் என்கிறார்கள். பவுனாம்பாள் வீட்டுப் போன் அவள் மகனோடு திருப்பூரில் இருக்கிறது. மூன்று மாதமாக அவளுக்கு அரிசி இல்லை. புருஷன் இடுப்புக்குக் கீழே வராமல் படுத்த படுக்கை. அவருக்குக் கஞ்சி வைக்கக் கடை அரிசி வாங்குகிறாள், தான் ஒரு வேளையோடு நிறுத்திக்கொண்டாள். இதை அவள் சொல்லவில்லை, பின்னால் நின்ற செங்கேணி சொன்னாள். சொன்னதற்குப் பவுனாம்பாளிடம் ஒரு இடியும் வாங்கினாள்.

"வெரலு வுழாதவங்களுக்கு நோட்டுல எழுதிக்கினு அரிசி போடணும். அதுக்கு உத்தரவு வேணுமாம். அந்த ஒண்ண நீ வாங்கிக் குடு. ரோடு வேணாம், லைட்டு வேணாம்."

"சபையிலயே கேக்குறேன்டி. வர்ற வாரம் அந்தத் துறைதான் வருது."

"பொம்பளன்னுதான் உனக்குப் போட்டோம். ஆம்பளகிட்ட போயி கையக் காட்டி என்னான்னு சொல்றது? ஆனா ஒண்ணு. சிரிப்புக் காட்டாம கேளு."

"ஏன், சிரிச்சிக்கினே கேட்டா அரிசி வேவாதா?"

அதற்கும் சிரித்தார்கள். பவுனாம்பாளும் சிரித்தாள், ஆனால் கையை மடக்கிக்கொண்டு.

ஜூன் 15, திங்கள்

நாளைக்கு உணவுத் துறை. எனக்கு ஆறு நிமிஷம். கட்சி அலுவலகத்தில் இருந்து பேச்சுத்தாள் வந்தது, முழுக்கத் தலைவர் புகழ். சூரியன், சிங்கம், தாய், தென்றல். எல்லோருக்கும் இப்படித்தான். எங்கள் பக்கம் யார் எழுந்தாலும் முதலில் தலைவர், பிறகு இளைய தலைவர், பிறகு துறை அமைச்சர், பிறகு மாவட்டச் செயலாளர். தொகுதிக்கு வந்து சேருவதற்குள் மணி அடித்துவிடும். போன வாரம் ஒருவர் மணிச் சத்தத்துக்கு நடுவில் ஒரு பாலத்தைக் கேட்டார். பாலமா பள்ளமா என்று யாருக்கும் கேட்கவில்லை.

அருள்தாஸ் சார் கடிகாரத்தை வைத்துக்கொண்டு என்னைப் படிக்கச் சொன்னார். புகழ் மட்டும் நாலு நிமிஷம் பத்து நொடி.

"தென்றலை எடுத்துடலாமாம்மா?" என்றார்.

கொறடாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "தென்றலை எடுத்தா நாளைக்கு உங்களை எடுத்துடுவாங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

சரி, மிச்சம் ஒரு நிமிஷம் ஐம்பது நொடி இருக்கிறது. அதற்கு அருள்தாஸ் சார் பவுனாம்பாள் கேட்டதை ஆறு வரியாக எழுதிக் கொடுத்தார். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். வாளிக்குப் புரிந்தது.

ஜூன் 16, செவ்வாய்

பேசினேன். நல்ல சிரிப்பு. தலைவரே சிரித்தார்.

கேண்டீனில் வடை தீர்ந்துவிட்டது. எம்.எல்.ஏ. விடுதிக்கு வந்து புடவை நாலு துவைத்தேன். கைக்குட்டை இரண்டு. தலையணை உறை நேற்றுத்தான் துவைத்தது, அதையும் துவைத்தேன்.

ஜூன் 17, புதன்

காலையில் இருந்து கை கொடுக்கிறார்கள். தாழ்வாரத்தில் அமைச்சரே நின்று, "நேத்து சபையைத் தூக்கிட்டீங்களேம்மா" என்றார். பேச்சைப் போனில் வெட்டி ஒட்டிப் பாட்டெல்லாம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் கலியமூர்த்தி போன் செய்தார். டீக்கடையில் எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்களாம், இவருக்கு டீ இலவசமாம்.

"பவுனு பாத்தாளா?" என்று கேட்டேன்.

"யாரு, அவளா? தெரியல. இங்க ஆம்பளைங்கதான் பாத்தாங்க."

பவுனாம்பாளுக்குப் பக்கத்து வீட்டு நம்பருக்கு அடித்தேன். அவள் கொட்டகைக்குப் போய்விட்டாள் என்றார்கள். மத்தியானம் அடித்தேன், குளிக்கிறாள். சாயங்காலம் அடித்தேன், மறுபடியும் குளிக்கிறாள்.

பவுனு இவ்வளவு சுத்தமான ஆள் இல்லை.

ஜூன் 18, வியாழன்

சபையில் நாம் பேசியதைச் சுருக்கெழுத்தில் எடுத்துத் தட்டச்சு செய்து, திருத்தம் இருந்தால் திருத்திக் கொடுங்கள் என்று நமக்கே அனுப்புவார்கள். எனக்கு இன்று வந்தது. நான் பேசியதை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒருவர் சிரித்தால் சத்தம் கேட்கும், அது வேறு. தாளில் சிரிப்பு என்று எழுதியிருந்தால் அது வேறு மாதிரி இருக்கிறது. அப்படியே பார்த்து எழுதுகிறேன்.

"திருமதி தையல்நாயகி: எங்க ஊர்ல முந்திரி உடைக்கிற பொம்பளைங்களுக்குக் கையில ரேகையே கிடையாதுங்க. கைரேகை சோசியக்காரன் வந்தா பட்டினிதான். (சிரிப்பு). ஒரு சோசியக்காரன் என் சிநேகிதி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, 'அம்மா, உனக்கு விதியே எழுதல'ன்னு சொல்லிட்டு எழுந்து ஓடிட்டான். (பலத்த சிரிப்பு)."

"மாண்புமிகு அமைச்சர்: அந்த ஊர்ல திருட்டு நடந்தா காவல் துறைக்குத்தான் சிரமம். (சிரிப்பு)."

"திருமதி தையல்நாயகி: எங்க ஊர்ல திருட முந்திரிக்கொட்டைதாங்க இருக்கு. அதைத் தொட்டா திருடனுக்கும் ரேகை போயிடும். (பலத்த சிரிப்பு). (மணி அடிக்கப்பட்டது)."

ஆறு வரி வருவதற்குள் மணி அடித்துவிட்டது. அதுதான் நடந்தது.

எண்ணிப் பார்த்தேன். சிரிப்பு என்ற சொல் மொத்தம் பதினொரு இடத்தில் இருக்கிறது. அரிசி என்ற சொல் தலைவர் புகழில் ஒரு இடத்தில் வருகிறது. நோட்டு, உத்தரவு, மூன்று மாதம், எதுவும் இல்லை.

திருத்தம் என்ற இடத்தில் ஆறு வரியையும் எழுதி, அருள்தாஸ் சாரிடம் கொடுத்து அனுப்பினேன். அரை மணியில் திரும்பி வந்தார். எழுத்துப் பிழையைத்தான் திருத்தலாமாம். பேசாததைச் சேர்க்க முடியாதாம்.

"அப்ப பேசினத எடுக்க முடியுமா சார்?"

"அதுவும் முடியாதும்மா."

சரி என்று ஓர் எழுத்தில் கொம்பு மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

ஜூன் 20, சனி

ஊருக்குப் போனேன். கார் வேண்டாம் என்று நடந்தே பவுனாம்பாள் வீட்டுக்குப் போனேன். புருஷனுக்குக் கால் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"வாங்க."

எனக்குப் பின்னால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"செங்கேணி, அம்மாவுக்கு ஒரு சேர் எடுத்தா" என்று பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏன்டி இப்படிப் பண்ற? சேர் எதுக்கு? ரெண்டு வார்த்தை வைடி, வாங்கிக்கிறேன்."

"எம்.எல்.ஏ.ங்க. வையலாமா? போலீசு இருக்குல்ல."

சேர் வந்தது. உட்கார்ந்தேன். அவள் நின்றாள். ரேஷன் கடைக்காரன் இப்போது விரல் வைக்கவே சொல்வதில்லையாம். "எம்.எல்.ஏ. அம்மாவே சொல்லிட்டாங்க, ரேகை இல்லாத ஊருன்னு. விதி எழுதினா வாங்க" என்று வரிசையில் வைத்துச் சொன்னானாம். பேருந்தில் பிள்ளைகள் செங்கேணியின் கையைப் பிடித்துச் சோசியம் பார்க்கிறார்களாம். இதெல்லாம் செங்கேணிதான் சொன்னாள். இந்த முறை பவுனாம்பாள் அவளை இடிக்கவில்லை.

"மணி அடிச்சிட்டாங்கடி பவுனு. ஆறு வரி எழுதி வச்சிருந்தேன். மணி அடிச்சா உக்காந்துடணும், அது சட்டம்."

"சரிங்க."

"அடுத்த தடவ கண்டிப்பா…"

"அந்த சோசியக்காரன் கத" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "அத நான் எப்ப உங்களுக்குச் சொன்னேன்?"

எனக்குத் தெரியும். இவள் புருஷன் மரத்தில் இருந்து விழுந்த வருஷம். எழுந்து நடப்பாரா என்று கேட்கப் போனாள். கையைப் பார்த்துவிட்டு அவன் அப்படிச் சொல்லிவிட்டுப் போனான். கொட்டகையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, உடைத்துக்கொண்டே அழுதாள். சாம்பல் கையால் கண்ணைத் துடைக்க முடியாது, என் முந்தானையில்தான் துடைத்துக்கொண்டாள்.

"அழுதுக்கினு சொன்னது அது" என்றாள். "இதுல சிரிக்க என்னா இருக்குன்னு எனக்குத் தெரியல. படிச்சவங்க சிரிக்கிறாங்க, இருக்கும்போல."

கட்டிலில் இருந்த அவள் புருஷன் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். டீ சாப்பிடாமல் வந்துவிட்டேன். கொடுத்தால்தானே சாப்பிடுவதற்கு.

ஜூன் 21, ஞாயிறு

குழாய் ஒழுகுகிறது. ஆள் வரவில்லை. துணி சுற்றி வைத்தேன்.

என் கட்டை விரலை வெளிச்சத்தில் பார்த்தேன். கோடெல்லாம் திரும்ப வந்திருக்கிறது, நன்றாக, வட்டம் வட்டமாக. முந்திரி தொட்டு ஆறு வருஷம் ஆகிறது அல்லவா.

ஜூன் 22, திங்கள்

கொறடாவிடம் இன்னொரு வாய்ப்புக் கேட்டேன். "அந்தத் துறை முடிஞ்சுபோச்சும்மா. நம்ம அரசாங்கத்தை நாமே கேள்வி கேட்டா நல்லாவா இருக்கும்? புதன்கிழமை மகளிர் நலம் வருது. அதுல நீங்க ரெண்டு சிரிப்பு விடுங்க" என்றார்.

சபையில் பெண் உறுப்பினர்களுக்கு ஓர் ஓய்வறை இருக்கிறது. எல்லாக் கட்சிக்கும் ஒரே அறை, ஒரே கண்ணாடி. அங்கே ஊக்கு கேட்டால் எதிர்க்கட்சி கொடுக்கும், தலைவலித் தைலம் ஆளுங்கட்சி கொடுக்கும். மாதவிலக்கில் இருந்து மருமகள் வரைக்கும் பேசுவோம். கதவைத் தாண்டியதும் ஒருவரை ஒருவர் தெரியாது. இன்று நான் போனபோது கமலவேணி டீச்சர் மட்டும் தயிர்ச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தையல்நாயகி, அன்னிக்குக் கதை நல்லா இருந்துச்சு. ஆனா முடிக்கலையே. ரேகை இல்லாதவங்க ரேஷனுக்கு என்ன பண்றாங்க?"

மணி அடித்துவிட்டார்கள் டீச்சர் என்றேன்.

"மணி அடிச்ச பிறகு உனக்கு ஒரு நிமிஷம் கூடுதலாக் குடுத்தாங்களே."

அதை நான் இதில் எழுதவில்லை. தாளைப் பார்த்து எழுதியபோதும் அந்த முதல் மணியையும் அதற்கு அடுத்த வரியையும் தாண்டிவிட்டேன். பவுனாம்பாளிடமும் சொல்லவில்லை. மணி அடித்தது உண்மை. ஆனால் பேரவைத் தலைவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "உறுப்பினருக்கு இன்னும் ஒரு நிமிடம்" என்றார். ஆறு வரி என் கையில் இருந்தது. அப்போது எங்கள் தலைவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார், அடுத்தது என்ன என்கிற மாதிரி. மேடையில் எத்தனையோ வருஷம் அவர் வருவதற்கு முன்னால் பேசி, அவர் வந்ததும் இறங்கியவள் நான். நான் பேசி அவர் கேட்டதே இல்லை. அந்த ஒரு நிமிஷத்தில் திருடன் கதையைச் சொன்னேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேதான் சொன்னேன்.

டீச்சரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "சபலம் டீச்சர்" என்றேன்.

அவர் ஊறுகாயை ஒதுக்கி வைத்தார். "எங்க ஆட்சி நடந்தப்ப பிரசவ ஆஸ்பத்திரி ஒண்ணை எங்க ஊர்ல இருந்து மாத்தினாங்க. நானும் கைதூக்கினேன். ஊர்ல பொண்ணுங்க கேட்டாங்க. கழுத்து வலின்னு ஒரு மாசம் பட்டை போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன், யாரும் கிட்ட வந்து கேக்கக் கூடாதுன்னு." கொஞ்ச நேரம் சாப்பிட்டார். "இங்க நாம பன்னெண்டு பேரும் ஒரே கட்சி. வெளியே ஏன் வாயடைச்சுப்போகுது?"

எதிர்க்கட்சியோடு பேசுகிறேன் என்று யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவே பதில்தானோ என்னவோ.

"நான் உன் பேரைச் சொல்லிக் கிளப்பட்டுமா? அப்புறம் நீ எழுந்திருக்கணும். நான் சொன்னா எதிர்க்கட்சி சொல்றதுன்னு தள்ளிடுவாங்க. உன் வாயால வரணும்."

"என்னை வெட்டிடுவாங்க டீச்சர்."

"ஆமா" என்றார். மறுத்துச் சொல்லுவார் என்று பார்த்தேன், சொல்லவில்லை. நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஜூன் 24, புதன்

கிளப்பிவிட்டார்.

கேள்வி நேரம் முடிந்ததும் டீச்சர் எழுந்து, ஆளுங்கட்சி உறுப்பினர் தையல்நாயகி பதினாறாம் தேதி சொன்ன விஷயத்துக்கு அமைச்சரின் பதில் என்ன என்றார். அமைச்சர் எழுந்து, "அந்த அம்மையார் நகைச்சுவைக்காகச் சொன்னது. அதை அரசியலாக்குகிறார்கள். அப்படி ஒரு பிரச்சினை இருந்தால் அவரே சொல்லட்டுமே" என்றார். எங்கள் பக்கம் மேசைச் சத்தம். பேரவைத் தலைவர் என்னைப் பார்த்தார். கொறடாவும் பார்த்தார், உள்ளங்கையைத் தரையைப் பார்த்துக் காட்டினார். உட்கார் என்று அர்த்தம்.

உண்மையைச் சொன்னால், உட்கார்ந்துதான் இருந்தேன். கொஞ்ச நேரம் இல்லை, நல்ல நேரம். பேரவைத் தலைவர் அடுத்த ஆளின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்த பிறகுதான் எழுந்தேன்.

நான் எழுந்ததுமே சிரிப்பு. இன்னும் வாயே திறக்கவில்லை. "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே" என்றேன். சிரிப்பு. "பகடி இல்லைங்க" என்றேன். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. தலைவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நான் சூரியன், சிங்கம் எதையும் சொல்லாமல், தாளை விரித்து முதல் வரியில் இருந்து படித்தேன். எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். முதல் இரண்டு வரிக்குச் சிரித்தார்கள், எங்கேயோ ஒரு கதை வரப்போகிறது என்று. மூன்றாவது வரியில் குறைந்தது. ஐந்தாவது வரியில் தலைவர் நேராகத் திரும்பிக்கொண்டார். ஆறாவது வரி படித்தபோது மின்விசிறிச் சத்தம் கேட்டது.

"சோசியக்காரன் கதை நடந்த கதைங்க. அது சிரிக்கிற கதை இல்லை. நான் சொல்லியிருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

எதிர்ப்பக்கம் மேசை தட்டினார்கள். எங்கள் பக்கம் யாரும் இல்லை. எனக்கு அடுத்த இருக்கை ரேவதிதேவி மட்டும் மேசைக்கு அடியில் தன் தொடையை இரண்டு தட்டுத் தட்டினாள். அமைச்சர் ஆய்வு செய்யப்படும் என்றார்.

ஓய்வறையில் போய் முகம் கழுவினேன். யாருடைய துண்டு என்று பார்க்காமல் துடைத்தேன்.

ஜூன் 26, வெள்ளி

கொறடா கூப்பிட்டுப் பேசினார். கத்தவில்லை. இந்தக் கூட்டத்தொடரில் இனி எனக்கு நேரம் இல்லை. அடுத்த மாத மாநாட்டில் முன்பேச்சுக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டதாம், பையன் நன்றாகச் சிரிப்புக் காட்டுகிறானாம். "இத்தனை வருஷம் வளர்த்த பேரும்மா" என்றார், துக்கம் விசாரிப்பது மாதிரி. நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தேன். வரவில்லை.

ஜூலை 3, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. எங்கள் வட்டத்துக்கு மட்டும், மூன்று மாதம், சோதனைக்கு. அருள்தாஸ் சார் வாசித்தார். விரல் பதியாத அட்டைதாரர்கள், மக்கள் பிரதிநிதி ஒருவர் சாட்சியாகக் கையெழுத்திட, கடைப் பதிவேட்டில் தங்கள் கையொப்பம் "அல்லது இடது பெருவிரல் ரேகை" வைத்துப் பொருள் பெறலாம்.

சார் அந்த இடத்தை இரண்டாவது முறை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பதினேழு பேரில் எழுதத் தெரிந்தவர்கள் நாலு பேர்.

கடை ஆய்வாளருக்குப் போன் போட்டோம். "மையில ஏதாச்சும் ஒரு அடையாளம் விழுந்தாப் போதும்மா, யாரு கோட்டை எண்ணப்போறா" என்றார். அருள்தாஸ் சார் எட்டு மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 11, சனி

ரேஷன் கடைக்குப் போனேன். சாட்சிக் கையெழுத்து நான்தான் போட வேண்டும். பதினேழு பேரும் வெயிலில் நின்றார்கள். கடைக்காரன் எனக்குச் சர்பத் வாங்கி வந்தான், வேண்டாம் என்றேன். விதியைப் பற்றி அவன் ஒன்றும் பேசவில்லை.

மைத்திண்டு காய்ந்து கிடந்தது. ஒரு மைப்புட்டி வாங்கிவரச் சொன்னேன். எழுதத் தெரிந்த நாலு பேர் கையெழுத்துப் போட்டார்கள், மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து விரலைத் தோய்த்து வைத்தார்கள். கறுப்பாக ஒரு பொட்டு விழும், அவ்வளவுதான். பக்கத்தில் பெயர், அட்டை எண், என் கையெழுத்து. பவுனாம்பாள் பதினேழாவதாக வந்தாள். நான் அவள் கையைப் பிடித்து வைக்கலாம் என்று நீட்டினேன். "பரவாயில்லங்க, நானே வைக்கிறேன்" என்று அவளே வைத்தாள். மற்றவர்களுடையதைவிட அவளுடையது வட்டமாக விழுந்தது.

"அவருக்கு எப்படி இருக்கு?" என்றேன்.

"இருக்காருங்க."

"பவுனு, நான் அன்னிக்குச் சபையில…"

"செங்கேணி போன்ல பாத்தேன்" என்றாள். பையை விரித்துப் பிடித்துக்கொண்டு எடைத் தராசுப் பக்கம் போய் நின்றாள்.

நான் கடைசிக் கையெழுத்தைப் போடக் குனிந்தேன். முழங்கை பட்டு மைப்புட்டி சாய்ந்தது. பக்கம் முழுக்க மை ஓடிப் பதினேழு பெயரையும் மூடிவிட்டது. அடியில் இருந்த இரண்டு பக்கத்துக்கும் இறங்கியது. கடைக்காரன் பழைய துணியால் ஒற்றிப் பார்த்தான். பதிவேட்டில் பெயர் தெரியாமல் அரிசி போட முடியாது, புதுப் பக்கத்தில் முதலில் இருந்து வைக்க வேண்டும் என்றான். புட்டியில் மை இல்லை. வேறு புட்டி வாங்க ஆள் போனது. பேருந்து நிறுத்தத்துக் கடையில் சிவப்பு மைதான் இருந்தது. பதிவேட்டில் சிவப்பு செல்லாது என்றான். பன்னிரண்டு மணிக்குக் கடை மூடிவிடுவார்கள், திங்கட்கிழமை திறப்பார்கள். அப்போது மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. பவுனாம்பாள் விரித்த பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.